துருப் பிடித்தால் யார் வருவார்?

ஆறுமுகநேரியில் கேபிளை வெட்டிவிட்டு டிஷ் மாட்ட நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாரே, அக்காமாரே, மதினிமாரே,

கேபிளை எடுத்துவிட்டு மொட்டைமாடியில் டிஷ் மாட்டிவிடலாமா என்ற பேச்சு நம்மூரில் பல வீடுகளில் ஓடுகிறது. பஜாரில் கேட்கிறேன். திருச்செந்தூர் பாசஞ்சருக்கு ஸ்டேஷனில் நிற்கும்போதும் கேட்கிறேன். “கேபிள்ல படம் கட்டம் கட்டமா உடையுது” என்கிறார் ஒருவர். “மழை இருட்டுனாலே டிஷ்ல ஒண்ணும் வராது” என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதிலும் மெய் இருக்கிறது. டிவி ரிப்பேர் கடையில் காலம் கழித்தவன் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கேபிளானாலும் டிஷ்ஷானாலும் சேனல் வருவது மேலே இருந்துதான். நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் கீழே அனுப்புகின்றன. கேபிள் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் ஆள் உயரத்தைவிடப் பெரிய டிஷ்கள் அதை வாங்குகின்றன. பிறகு ஃபைபரில் ஏறி, தெருமுனை நோடு வரை வந்து, அங்கிருந்து கருப்பு ஒயரில் வீட்டுக்கு இறங்குகிறது. செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டு டிஷ்ஷுக்கு வரும் டிடிஎச்சில் இந்த நடுவழி கிடையாது. கண்ட்ரோல் ரூம், நோடு, ஒயர் எல்லாம் சின்ன அளவில் உங்கள் மாடியிலேயே இருக்கின்றன. ஆகவே கேபிளில் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும் தலைவலி டிஷ்ஷில் முழுசாக உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது. அதைச் சுமக்கும் வசதி உங்கள் வீட்டுக்கு உண்டா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். படம் எதில் பளிச்சென்று தெரியும் என்ற சண்டை பழைய அனலாக் காலத்துச் சண்டை. இப்போது இரண்டுமே டிஜிட்டல்தான். சிக்னல் சரியாக இருந்தால் இரண்டிலும் ஒரே படம்.

விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019 பிப்ரவரியிலிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த புதிய முறைப்படி, ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதன் சொந்தக்காரர் ஒரு விலை போட வேண்டும். அந்த விலை கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் ஒன்றே. அன்றைக்குச் சன் டிவி 19 ரூபாய், கே டிவி 19 ரூபாய், விஜய் 17 ரூபாய் என்று பட்டியல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு மேல் சேனலைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலியாக 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். கூலி எவ்வளவு என்பதை இப்போது கம்பெனிகளே முடிவு செய்யலாம். அதனால் யார் வீட்டு விலை மலிவு என்பது மாதத்துக்கு மாதம் மாறும். இருபது முப்பது ரூபாய் வித்தியாசத்துக்காக ஒயரை வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழசைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘கேபிள் என்றால் மலிவு’ என்ற எண்ணம் நம் மனதில் எப்படி வேர்விட்டது என்பது அதில் இருக்கிறது. நம் கரைக்குத் தொலைக்காட்சி முதலில் கடல் தாண்டித்தான் வந்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், தென்கரை ஊர்களில் வசதியுள்ளவர்கள் உயரமாகக் கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, ஏரியலைக் கிழக்கே திருப்பிப் பார்த்தார்கள். சென்னைத் தூர்தர்ஷனைவிட அக்கரை நமக்குப் பக்கம். கொடைக்கானலில் பெரிய ஒளிபரப்பி வந்த பிறகுதான் நம் பக்கத்து ஏரியல்கள் திசை மாறின. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. அதற்கு ஏரியல் உதவாது. அதைக் காட்டத்தான் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் டிஷ் வைத்து ஒயர் இழுத்தார்கள். அப்படித்தான் கேபிள்காரர் என்று ஒருவர் நம் தெருவில் முளைத்தார்.

2006-இல் அரசின் இலவசக் கலர் டிவி வந்தபோது, அதுவரை அடுத்த வீட்டு ஜன்னலில் பார்த்தவர்களும் சந்தாதாரர் ஆனார்கள். 2007-இல் அரசு கேபிள் டிவி கழகம் பதிவானது. அப்போது அமைந்த கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று நமது திருநெல்வேலியில் இருந்தது. அன்றைய முதல்வர் குடும்பத்துக்கும் உறவினரான சன் டிவிக்காரர்களுக்கும் இருந்த தகராறு தீர்ந்ததும் அந்தக் கழகம் தூங்கிப் போனது. 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி அதை மறுபடி எழுப்பி, மாதம் 70 ரூபாய் என்றார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. அந்த எழுபது ரூபாய்தான் இன்றைக்கும் பலருடைய மனக்கணக்கில் ஓடுகிறது. அது அனலாக் விலை, முக்கியமான கட்டணச் சேனல்கள் இல்லாமல் தொடங்கிய விலை. 2017-இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செட்டாப் பாக்ஸ் இலவசமாகக் கொடுத்தார்கள். 2019-இல் விலை ஏறி, சத்தம் கிளம்பி, ஆகஸ்ட் 10 முதல் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று இறக்கினார்கள். இந்த விலை அரசியலில் ஏறியிறங்கியது. சந்தை அதை வைக்கவில்லை. ஆகவே பழைய எழுபதை வைத்துக்கொண்டு இன்றைய கேபிள்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

இனி உப்புக்கு வருவோம். நம்மூருக்கு வெளியே இருந்து எழுதுகிறவர்கள் எவரும் இதைச் சொல்வதில்லை. சென்னையில் டிஷ் மாட்டுவதும் ஆறுமுகநேரியில் டிஷ் மாட்டுவதும் ஒன்றாகாது.

நமக்குக் கிழக்கே கடல், சுற்றிலும் உப்பளம். காற்றில் உப்பு எந்நேரமும் இருக்கிறது. மொட்டைமாடிக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள், விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். வீட்டு கிரில்லுக்கு எத்தனை முறை பெயின்ட் அடிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். அந்த மாடியில்தான் டிஷ்ஷை நிறுத்தப் போகிறீர்கள். டிஷ்ஷின் வட்டத் தகடு சீக்கிரம் போகாது. போவது அதைப் பிடித்து நிற்கும் கிளாம்பு, நட்டு, போல்ட்டு. ஆணி தளர்ந்தால் காற்று டிஷ்ஷை ஒரு இம்மி நகர்த்தும். 36,000 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் டிஷ் ஒரு இம்மி நகர்ந்தால் போதும், செயற்கைக்கோளை விட்டுவிடும்.

அதைவிட மோசம் எல்என்பியும் அதன் எஃப் கனெக்டரும். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன உருளைதான் எல்என்பி. அதில் ஒயர் திருகும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் உள்ளே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். டிவியில் “நோ சிக்னல்” வரும். மெக்கானிக் வந்து கனெக்டரைக் கடித்துப் போட்டுப் புதிதாகத் திருகினால் படம் வரும். மறுபடி பூக்கும். ரிப்பேர் கடையில் உட்கார்ந்த எவரும் இதைச் சொல்வார்கள். நம் பக்கத்தில் டிஷ் வீடுகளின் பாதிப் புகார் மழையால் வருவதில்லை, இந்தக் கனெக்டரால் வருகிறது.

டிஷ் மாட்டுவது என்று முடிவு செய்தால் மாட்டும் ஆளிடம் சொல்லுங்கள்: கனெக்டருக்கு மேல் ரப்பர் டேப் இறுக்கிச் சுற்ற வேண்டும், நட்டு போல்ட்டில் கிரீஸ் தடவ வேண்டும், ஒயர் எல்என்பிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு சுவரில் ஏற வேண்டும். அந்த வளைவு இருந்தால் மழைநீர் அடியில் சொட்டிப் போய்விடும், கனெக்டருக்குள் ஏறாது. இதைச் சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். ஒரு நாளில் பல வீடு முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு.

கேபிளில் உப்பு இல்லையா? இருக்கிறது. தெருக் கம்பத்தில் தொங்கும், சிக்னலுக்கு வலுக் கூட்டும் ஆம்ப்பின் கனெக்டரிலும் அதே களிம்பு பூக்கிறது. “கட்டம் கட்டமா உடையுது” என்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஆனால் அந்தக் கனெக்டரை மாற்றுவது கேபிள்காரர் செலவு, ஏறுவது அவருடைய ஆள். டிஷ்ஷில் வாரண்டி முடிந்த பின் எல்என்பி போனால் உங்கள் செலவு, ஆள் வந்து ஏறி இறங்கினாலும் உங்கள் செலவு. வீட்டில் மாடி ஏறக்கூடிய ஒரு தம்பி இருந்தால் பிரச்சினையில்லை. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தாத்தாவும் ஆச்சியும் மட்டும் இருக்கிற வீட்டில் யார் ஏறுவது? அப்படிப்பட்ட வீடு நம்மூரில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும்.

மழையைப் பற்றிச் சொல்லப்படுவது பாதி சரி. டிடிஎச் வரும் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். கேபிள் கண்ட்ரோல் ரூமுக்குப் பெரும்பாலான சேனல்கள் வரும் அலை ஏழு சென்டிமீட்டருக்கும் மேல். மழைத்துளி சில மில்லிமீட்டர்தான் என்றாலும் சின்ன அலையை அது அதிகம் விழுங்கும், பெரிய அலையைக் குறைவாகத்தான் தொடும். கண்ட்ரோல் ரூம் டிஷ்ஷும் பெரியது. அதனால் ஐப்பசியில் வானம் கறுத்துக் கொட்டும்போது டிஷ் வீட்டில் படம் போய், பக்கத்துக் கேபிள் வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். மழை வலு குறைந்ததும் டிஷ் தானாகத் திரும்பிவிடும். அதற்குள் மாடிக்குப் போய் டிஷ்ஷைத் திருப்பிவிட்டு, பிறகு மெக்கானிக்கைத் தேடாதீர்கள்.

நம்மூருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. சன் டைரக்ட்டின் பல சேனல்களும், தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் வருவது கிழக்கு 93.5 பாகையில் இருக்கும் ஜிசாட்-15-லிருந்து. ஆறுமுகநேரியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தரையிலிருந்து ஏறத்தாழ எழுபது பாகை உயரத்தில், தலைக்கு மேல் என்றே சொல்லலாம். லண்டன்காரர்கள் தங்கள் டிஷ்ஷை இருபத்தைந்து பாகைக்குத்தான் தூக்க முடியும். அங்கே எதிர் வீட்டு மரம் வளர்ந்தால் படம் போய்விடும். நமக்குப் பனையும் தென்னையும் எதிர்வீட்டு மாடியும் பெரிதாகக் குறுக்கே வராது. தலைக்கு நேரே மேலே தென்னை ஓலை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். உயரமாகப் பார்ப்பதால் மழை மேகத்துக்குள் அலை கடக்கும் தூரமும் குறைவு.

இடையில் ஒன்று. திருச்செந்தூரைத் தாண்டிக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறதே, இனி நம் டிவி செயற்கைக்கோள் இங்கிருந்தே போகும் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டிய அந்தத் தளம் எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ராக்கெட்டுகளுக்கு, டிவி செயற்கைக்கோளுக்கு அல்ல. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே விடலாம் என்பதுதான் அங்கே அமைப்பதற்குக் காரணம். ஜிசாட்-15 போனது 2015 நவம்பரில், தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து. ராக்கெட் தளத்தைக் காரணம் காட்டி யாராவது டிஷ் விற்க வந்தால் சிரித்து அனுப்பிவிடுங்கள்.

மின்சாரம் இன்னொரு விஷயம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கரண்ட் போனாலும் டிஷ் ஓடும். கேபிளில் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து பயனில்லை, தெரு நோடுக்கும் ஆம்ப்புக்கும் கரண்ட் வேண்டும். இதில் டிஷ்தான் மேல். ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்தக் கணக்கெல்லாம் உடைந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக் கிடந்தார்கள். கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, போன் டவர் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியும் எத்தனை நேரம் தாங்கும்? அப்படிப்பட்ட நாளில் கேபிளையும் டிஷ்ஷையும் நம்பாதீர்கள். பேட்டரி போட்ட ரேடியோ ஒன்றை அலமாரியில் வையுங்கள். டிவி வாங்கும் காசோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன், விலைக்கு இல்லை, பணம் வரும் நேரத்துக்கு. உப்பளத்தில் வேலை பார்க்கும் வீடுகளுக்கு இது முக்கியம். வெயில் இருக்கும் மாதங்களில்தான் பாத்தியில் உப்பு விளையும். ஐப்பசி மழை விழுந்தால் பாத்தி கரைந்து வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. வேலை நிற்கும் அந்த மாதங்களில்தான் பிள்ளைகளும் மழையில் வெளியே போக முடியாமல் டிவிக்கு முன்னால் உட்காருகிறார்கள்.

டிடிஎச்சில் ரீசார்ஜ் தீர்ந்த அன்றே திரை இருண்டுவிடும். அதனிடம் கடன் சொல்ல முடியாது. கேபிள்காரரிடம் சொல்லலாம். “அண்ணே, அடுத்த மாசம் சேர்த்துத் தாரேன்” என்றால் பல பேர் தலையாட்டுவார்கள். இதன் மதிப்பு எந்த விலைப் பட்டியலிலும் இருக்காது. ஆனால் இந்தக் கடன் முன்பு போல இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அனலாக் காலத்தில் ஒயர் போட்டால் படம் வரும். நீங்கள் கொடுக்காவிட்டால் அவருக்கு வருமானம் இல்லை, கையிலிருந்து செலவும் இல்லை. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் மேலே இருக்கும் கம்பெனிக்கு முன்பணம் கட்டினால்தான் உங்கள் பெட்டி ஓடும். உங்களுக்குக் கடன் கொடுக்கிறார் என்றால் தன் பையிலிருந்து எடுத்துக் கட்டுகிறார் என்று பொருள்.

அவருக்கு என்ன கிடைக்கிறது? இரு தரப்பும் வேறு உடன்பாடு செய்யாவிட்டால், ட்ராய் விதிப்படி கூலித் தொகையில் மேலே இருக்கும் கம்பெனிக்கு 55 விழுக்காடு, உள்ளூர்க்காரருக்கு 45. ஆக 130 ரூபாயில் 58 ரூபாய் 50 காசு. அதில்தான் லைன்மேன் சம்பளம், ஒயர், ஆம்ப், வண்டிக்குப் பெட்ரோல். இதைச் சொல்வது அவருக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. ஒரு வீட்டுக்கு மாதம் ஐம்பத்தெட்டு ரூபாய் வாங்குகிறவரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதற்காக. இரவு பத்து மணிக்கு ஆம்ப் போனால் காலையில் வருவார். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் போன் எடுக்காமல் இருந்தால் அது குற்றம்.

உள்ளூர்ச் சேனலை மறந்துவிடாதீர்கள். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை எல்லாப் பெரிய சேனலும் காட்டும். குலசை தசராவையும் காட்டும். உங்கள் தெரு அம்மன் கொடையையும், பள்ளி ஆண்டு விழாவையும், எந்த வீட்டில் யார் தவறினார்கள் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையும் உள்ளூர்க் கேபிள்தான் காட்டும். இதற்கு வாட்ஸ்அப் இருக்கிறதே என்று தம்பிமார் சொல்வார்கள். வாட்ஸ்அப் இல்லாத ஆச்சிகளுக்கு அந்தச் சேனல்தான் ஊர்ச்செய்தி.

கேபிள் நம்பிக்கையானது, டிஷ் நம்பிக்கையானது என்று ஒரேயடியாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். 2022 நவம்பரில் மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு வந்த தகராறில் அரசு கேபிள் பல மாவட்டங்களில் பெட்டி பெட்டியாக நின்றது. தெருவில் இருந்த ஆபரேட்டர்கள் எவ்வளவு திட்டு வாங்கியிருப்பார்கள்! அவர்கள் கையில் எதுவும் இல்லை. 2023 பிப்ரவரியில் விலை உடன்பாடு எட்டாமல் ஸ்டார், ஜீ, சோனி குழுமங்கள் நாட்டின் பெரிய கேபிள் கம்பெனிகள் சிலவற்றுக்குச் சேனலை நிறுத்தின. அதே நேரம் டிடிஎச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டு டிஷ் பக்கம் சாய்பவர்கள் ரிலையன்ஸ் பிக் டிவியை நினைத்துப் பாருங்கள். 2008-இல் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு வந்தது. பின்னால் கைமாறி, பெயர் மாறி, கடைசியில் நின்றே போனது. பெட்டி வாங்கியவர்கள் வீட்டில் அந்தப் பெட்டி இப்போது எதற்கும் ஆகாது. ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு வேலை செய்யாது என்பதை வாங்கும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யாருக்கு எது?

ஊருக்குள், தெருவில் கேபிள் ஒயர் ஏற்கனவே ஓடுகிற இடத்தில், வயதானவர்கள் இருக்கும் வீடு, தினக்கூலி வீடு, மாடி ஏற ஆளில்லாத வீடு என்றால் கேபிளிலேயே இருங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்பளக் கரையோரத்தில் தனித்து நிற்கும் வீட்டுக்கு ஆபரேட்டர் ஒயர் இழுத்து வர மாட்டார், வந்தாலும் நடுவில் அறுந்தால் திரும்ப வர மாட்டார். அங்கே டிஷ்தான். சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர்கள் கோடைக்கும் கொடைக்கும் மட்டும் வந்து திறக்கும் வீட்டுக்கும் டிஷ் நல்லது. வந்த நாளில் ரீசார்ஜ், போகும்போது விட்டுவிடலாம். மூடியிருக்கும் மாதங்களுக்குக் கேபிள் பணம் கட்ட வேண்டாம். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எல்என்பி கனெக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாகுபுரம் பக்கம் வாடகைக்கு இருக்கும் வடநாட்டுத் தம்பிகளுக்கு டிடி ஃப்ரீ டிஷ் போதும். மாதக் கட்டணமே கிடையாது, பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரே தடவை காசு, இந்தி சேனல் நிறைய. நமக்கு அது முழுசாக உதவாது. சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் அதில் வராது. டிடி தமிழ், செய்தி, விளையாட்டு போதும் என்கிறவர்களுக்குச் சரி. பழைய சன் டைரக்ட் டிஷ் மாடியில் சும்மா கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். அது பெரும்பாலும் ஜிசாட்-15 பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியானால் ஃப்ரீ டிஷ் பெட்டி மட்டும் வாங்கி மாட்டினால் போதும்.

வீட்டில் இன்டர்நெட் ஃபைபர் இருக்கிறவர்கள் இந்தக் கடிதத்தை இங்கேயே மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் டிவியைத் தொடுவது கிரிக்கெட்டுக்கு மட்டும்தான். நாடு முழுவதும் காசு கட்டிப் பார்க்கும் டிடிஎச் இணைப்புகள் 2021-இல் ஏழு கோடியை ஒட்டி இருந்தன. 2024-இல் அது ஆறு கோடிப் பக்கம் இறங்கியது. கேபிள்காரர்களும் இதைப் பார்த்துத்தான் அதே கம்பத்தில் இன்டர்நெட் ஒயரையும் இழுக்கிறார்கள். உங்கள் தெருக் கேபிள்காரர் ஃபைபர் தருகிறார் என்றால், டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து என்ன விலை என்று கேளுங்கள். தனியே டிஷ்ஷும் தனியே இன்டர்நெட்டும் வைப்பதைவிட அது பெரும்பாலும் குறைவாக வரும்.

கேபிளில் இருங்கள் என்று சொன்னேனே, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இத்தனை நாளும் கேபிள்காரர் பையன் வருவான், இருநூறோ இருநூற்றைம்பதோ வாங்குவான், அட்டையில் ஒரு கோடு கிழிப்பான், போவான். எந்தச் சேனலுக்கு எவ்வளவு என்று கேட்டால் “பேக்கேஜ் அக்கா” என்பான். அந்தப் பேக்கேஜில் தெலுங்குச் சேனலும் இந்திச் சேனலும் இருக்கும், நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், ஆனால் காசு கட்டுவீர்கள். ட்ராய் விதிப்படி ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பொக்கே எனப்படும் சேனல் தொகுப்பைத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பொக்கே பல நேரம் மலிவாகவும் இருக்கும், கணக்குப் பார்த்து எடுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பதும் உங்கள் உரிமை. டிஷ்ஷில் இது தானாக நடக்கிறது, போனில் மெசேஜ் வந்துவிடுகிறது. கேபிளில் நாம் கேட்டால்தான் நடக்கும், இதுவரை நாம் கேட்கவில்லை.

தெருவுக்கு ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு நாள் கேபிள் ஆபீஸுக்குப் போங்கள். மதினிமார் போனால் இன்னும் நல்லது, சீரியல் போனால் முதலில் போன் அடிப்பது அவர்கள்தான். சேனல் வாரியாக விலைப் பட்டியல், மாத ரசீது, புகார் சொல்ல ஒரு நம்பர், புகார் சொன்னால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்ற வாக்கு, இந்த நான்கையும் காகிதத்தில் கேளுங்கள். கொடுத்தால் ஒயரை வெட்டாதீர்கள், உப்புக் காற்றில் டிஷ்ஷைக் காப்பாற்றும் தொல்லை உங்களுக்கு வேண்டாம். அடுத்த மாதக் கட்டணம் கட்டும் நாள் வரை அவர்களுக்கு நேரம் கொடுங்கள். அதற்குள்ளும் கொடுக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிஷ் மாட்டிவிடுங்கள், கனெக்டருக்கு ரப்பர் டேப் சுற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஆறுமுகநேரியில் உங்களில் ஒருவன்